புது டயரில் குறை: பெங்களூரு டயர் கடையில் கேட்க வேண்டியதும் கேட்கும் முறையும்

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான்கு டயரும் புதிதாக மாற்றிய மறுநாளே ஸ்டீயரிங் ஆடுகிறது, வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது, அல்லது ஒரு மாதத்தில் பக்கச்சுவரில் பந்து மாதிரி வீங்குகிறது. கடைக்காரர் "ரோடு அப்படி சார்" என்கிறார், கம்பெனி "கடையில் கேளுங்கள்" என்கிறது. பெங்களூரில் கார் வைத்திருக்கும் தமிழர்களிடமிருந்து இது பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

டயர் மாட்டும்போதே எதைப் பார்க்க வேண்டும்?

பாதி வழக்கு இங்கேயே ஜெயிக்கப்படுகிறது. டயரை ரிம்மில் ஏற்றிவிட்டால் சில விஷயங்களைப் பார்க்கவே முடியாது. அதனால் நான்கு டயரும் தரையில் கிடக்கும்போதே போனில் படம் எடுத்துவிடுங்கள்.

முதலில் தயாரிப்புத் தேதி. பக்கச்சுவரில் டாட் (DOT) என்று தொடங்கும் நீண்ட குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் அது. 2325 என்றிருந்தால் 2025ஆம் ஆண்டின் 23ஆவது வாரம், அதாவது ஜூன் தொடக்கம். இந்த நான்கு இலக்கமும் பெரும்பாலும் டயரின் ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கும். அந்தப் பக்கம் உள்ளே போய்விட்டால், பிறகு காரைத் தூக்கி டார்ச் அடித்துத்தான் படிக்க வேண்டும். நான்கிலும் வாரம் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்று இந்த ஆண்டு, இன்னொன்று மூன்று ஆண்டு பழசு என்றால் அங்கேயே மறுத்துவிடுங்கள்.

அடுத்து அளவு. 185/65 ஆர்15 88எச் என்றால் 88 என்பது ஒரு டயர் தாங்கும் எடை, 560 கிலோ. எச் என்பது மணிக்கு 210 கிலோமீட்டர் வரை. அளவு சரியாக இருந்து எடை எண் மட்டும் குறைந்த டயரை மாட்டிவிடுவது நடக்கிறது. ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரோடும் கார் கையேட்டோடும் ஒப்பிட்டால் தெரிந்துவிடும். ஐஎஸ்ஐ முத்திரையையும் பாருங்கள். இந்தியாவில் விற்கும் கார் டயருக்கு அது கட்டாயம். கார் டயருக்கான தர எண் ஐஎஸ் 15633.

ரிம்மையும் படம் எடுங்கள். அலாய் ரிம்மில் மாட்டும்போது கீறல் விழுந்தால், "முன்னாடியே இருந்தது" என்ற பதிலுக்கு அந்தப் படம்தான் மறுமொழி.

பில்லில் என்ன இருக்க வேண்டும்?

டயரின் பிராண்டு, மாடல், அளவு, எத்தனை, வண்டி எண், அன்றைய கிலோமீட்டர் ரீடிங். முடிந்தால் நான்கு டயரின் வரிசை எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். கடையின் ஜிஎஸ்டி எண் கர்நாடகத்தில் 29 என்று தொடங்கும். ஓசூரில் வாங்கினால் 33. கார் டயருக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. இன்னும் 28 போட்டிருந்தால் கேளுங்கள்.

"பில் வேண்டாமென்றால் ஐந்நூறு குறைக்கிறேன்" என்பதற்கு ஒருபோதும் ஒத்துக்கொள்ளாதீர்கள். பில் இல்லாவிட்டால் கம்பெனி கிளெய்ம் சிக்கலாகிவிடும். அந்த ஐந்நூறுக்காக ஒரு டயரின் முழு விலையை இழக்க நேரலாம். வாரண்டி கார்டு தனியாக இருந்தால், அதில் கடையின் சீலும் தேதியும் அன்றே விழ வேண்டும். சில கம்பெனிகளில் வாங்கிய சில நாட்களுக்குள் இணையத்தில் பதிய வேண்டும். அதைக் கடைக்காரர் செய்வார் என்று விடாமல் நீங்களே பதிந்துகொள்ளுங்கள்.

ஸ்டீயரிங் ஆடுகிறது. டயர் குறையா, பேலன்சிங் குறையா?

பெரும்பாலும் பேலன்சிங்தான், அதாவது சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக வரும்படி ரிம்மில் சிறு எடைகளை ஒட்டும் வேலை. ஆனால் அதை நிரூபிக்க ஒரு வரிசை இருக்கிறது. வரிசை தவறினால் கடைக்காரர் உங்களை மூன்று வாரம் அலைய வைத்துவிடுவார்.

முதலில் காற்று. கடைகளில் டயர் ரிம்மில் உட்கார்வதற்காக 40 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வரை அடித்துவிட்டு, குறைக்க மறந்து அனுப்பிவிடுகிறார்கள். ஒரு இரவு நின்ற பிறகு, வண்டியை எடுக்கும் முன், கதவு ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குக் கொண்டு வாருங்கள். பிறகு நைஸ் ரோடு போல மேடுபள்ளம் இல்லாத நீளமான பாதையில், வேக வரம்புக்குள், ஆட்டம் எந்த வேகத்தில் தொடங்குகிறது என்று குறியுங்கள். நெரிசலான சில்க் போர்டு சந்திப்புப் பக்கம் ஓட்டிப் பார்த்தால் எதுவும் தெரியாது. ஸ்டீயரிங் ஆடினால் பெரும்பாலும் முன் சக்கரம், சீட் அதிர்ந்தால் பின் சக்கரம். பல நாள் ஒரே இடத்தில் நின்ற வண்டி என்றால் டயரில் தட்டையான இடம் விழுந்திருக்கலாம். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓடிச் சூடானதும் அது தானாகவே சரியாகிவிடும்.

அதன் பிறகும் ஆடினால் கடைக்குப் போய், மெஷினில் வைக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். ஒரு சக்கரத்துக்கு மட்டும் 80 கிராம், 100 கிராம் என்று எடை கேட்டால் இதைச் செய்யச் சொல்லுங்கள்: வால்வுக்கு நேராக டயரில் சாக்பீஸால் ஒரு கோடு. காற்றை இறக்கி, டயரை ரிம்மிலேயே அரைச்சுற்று, 180 டிகிரி, திருப்பி மறுபடி காற்றடித்து மெஷினில் போட வேண்டும். கனமான இடம் சாக்பீஸ் கோட்டோடு நகர்ந்தால் டயரில் குறை. வால்வைப் பொறுத்துப் பழைய இடத்திலேயே நின்றால் ரிம்மில் குறை. பத்து நிமிட வேலை. இதற்குப் பிறகு யாரும் ஊகத்தில் பேச முடியாது. மெஷின் திரையை இரண்டு முறையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பேலன்ஸ் பூஜ்யம் காட்டியும் ஆடுகிறதா? டயர் வட்டமாக இல்லாமல் இருக்கலாம். எடை ஒட்டி அதைச் சரிசெய்ய முடியாது. சக்கரத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, பட்டனுக்கு, அதாவது தரையில் படும் த்ரெட்டுக்கு, மிக அருகில் ஒரு ஸ்க்ரூடிரைவரை அசையாமல் வைத்துச் சக்கரத்தை மெதுவாகச் சுற்றுங்கள். இடைவெளி ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் கூடிக் குறைந்தால் வீடியோ எடுங்கள். புது டயரில் மஞ்சள் புள்ளி இருந்தால் அது எடை குறைந்த இடம், வால்வுக்கு நேராக வர வேண்டும். சிவப்புப் புள்ளி டயரின் உயரமான இடம். அது ரிம்மின் தாழ்ந்த இடத்துக்கு நேராக வந்தால் ஆட்டம் குறையும். இந்தப் புள்ளிகளைப் பார்க்காமலே மாட்டும் கடைகள்தான் அதிகம்.

வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது. அலைன்மென்ட் செய்தும் போகவில்லையே?

முன் டயர் இரண்டையும் இடம் வலமாக மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். இழுக்கும் பக்கம் மாறினால் டயர்தான் காரணம். பெல்ட், அதாவது பட்டனுக்கு அடியில் இருக்கும் கம்பி அடுக்கு, ஒருபுறமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தால் டயர் லேசான கூம்பு மாதிரி உருளும். மாறாமல் அதே பக்கம் இழுத்தால் அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்), பிரேக், சஸ்பென்ஷன் பக்கம் தேடுங்கள். பக்கச்சுவரில் அம்புக்குறி போட்டிருக்கும் டயரை அப்படியே இடம் வலம் மாற்ற முடியாது, ரிம்மிலிருந்து கழற்றித் திருப்பித்தான் மாட்ட வேண்டும். அலைன்மென்ட் அறிக்கையின் அச்சுப் பிரதி, செய்வதற்கு முன்பும் பின்பும், இரண்டும் கையில் இருக்கட்டும்.

பக்கச்சுவரில் வீக்கம். கம்பெனி மாற்றித் தருமா?

அதிகம் சண்டை நடப்பது இதில்தான். உண்மையைச் சொல்லிவிட வேண்டும்: பெங்களூரில் பார்க்கும் வீக்கங்களில் பெரும்பாலானவை குழியில் இறங்கியதால் வருபவை. டயர் குழியின் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவே நசுங்கும்போது உள்ளே உள்ள நூல்கள் அறுகின்றன. அறுந்த இடத்தில் காற்று ரப்பரை வெளியே தள்ளுகிறது. இதைக் கம்பெனிகள் அடிபட்ட சேதம் என்று சொல்லி நிராகரிப்பது வழக்கம். சில கம்பெனிகள் குறிப்பிட்ட மாடல்களுக்கு மட்டும் இத்தகைய சேதத்துக்கும் தனித் திட்டம் வைத்திருக்கின்றன. வாங்கும்போதே அதைக் கேட்டு எழுதி வாங்க வேண்டும்.

எது எது என்று கண்டுபிடிக்க டயரைக் கழற்றி உள்ளே விரலால் தடவிப் பார்க்க வேண்டும். குழி அடி என்றால் உட்புறத்தில் கோடு போன்ற முறிவு தட்டுப்படும். ரிம்மின் விளிம்பில், அதே இடத்துக்கு நேராக, மடங்கல் இருக்கும். ரிம் சுத்தமாக இருந்து, உள்ளே முறிவும் இல்லாமல், வீக்கம் பட்டனின் அடியிலிருந்தோ, பட்டனும் பக்கச்சுவரும் சேரும் தோள்பட்டையிலிருந்தோ கிளம்பினால், அடுக்குகள் பிரிந்திருக்கலாம். அப்போது கிளெய்ம் வலுவானது.

வெளியே வீங்காமல், ரேடியலாக, மேலிருந்து கீழாக ஒரு பள்ளக்கோடு தெரிந்தால் பயம் வேண்டாம். உள்ளே துணி அடுக்கின் இரு முனைகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இணைப்பு அது. குறையல்ல.

வீங்கிய டயரில் ஓட்டாதீர்கள். எந்த நேரமும் வெடிக்கலாம். ஸ்டெப்னி போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள். ஒல்லியான தற்காலிக ஸ்டெப்னி என்றால் அதில் எழுதியிருக்கும் வேக வரம்பைத் தாண்டாதீர்கள், பெரும்பாலும் அது மணிக்கு 80 கிலோமீட்டர்.

ஒரே இரவில் காற்று இறங்குகிறதே?

மாதம் ஒன்று, இரண்டு பிஎஸ்ஐ குறைவது இயல்பு. ஒரே இரவில் மூன்று பிஎஸ்ஐ என்றால் மாட்டிய விதத்தில்தான் பெரும்பாலும் தவறு: பழைய ரப்பர் வால்வையே விட்டிருப்பார்கள், ரிம்மின் துருவைத் தேய்க்காமல் மாட்டியிருப்பார்கள், அல்லது லீவரால் நெம்பும்போது பீட், அதாவது ரிம்மில் உட்காரும் உள்வளையம், கிழிந்திருக்கும். சோப்புத் தண்ணீர் ஊற்றினால் குமிழி எங்கே என்று தெரிந்துவிடும். பீட் கிழிந்திருந்தால் கடைக்காரர்தான் புது டயர் தர வேண்டும். இது கம்பெனியின் தவறே அல்ல, கம்பெனிக்கு அனுப்பி நேரம் கடத்தவும் இடம் கொடுக்காதீர்கள்.

ஐயாயிரம் கிலோமீட்டரில் ஒரு பக்கம் தேய்ந்துவிட்டது. கிளெய்ம் கிடைக்குமா?

கிடைக்காது. உள் விளிம்பு மட்டும் தேய்ந்தால் கேம்பர் (சக்கரம் சாய்ந்து நிற்பது) அல்லது டோ (சக்கரம் உள்ளே வெளியே திரும்பி நிற்பது), நடு மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம், இரு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு, மேடு பள்ளமாகத் தேய்ந்தால் ஷாக் அப்சார்பர். காரைச் சரிசெய்யுங்கள்.

கடைக்காரர் "கம்பெனிகிட்ட கேளுங்க" என்கிறார். அவருக்குப் பொறுப்பே இல்லையா?

இருக்கிறது. பணம் வாங்கியது அவர், பில் கொடுத்தது அவர். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி விற்றவர் மீதும் தயாரித்தவர் மீதும் சேர்த்தே புகார் கொடுக்கலாம். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று பில்லின் அடியில் அச்சிட்டிருப்பதைக் காட்டினால் மிரள வேண்டாம். குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்கவோ பணத்தைத் திருப்பவோ மறுப்பது அதே சட்டத்தின் 2(47) பிரிவில் முறையற்ற வணிகம். பில்லில் காலம் சொல்லாவிட்டால் 30 நாள் என்றும் அங்கேயே இருக்கிறது. பழைய பொருளைப் புதிது என்று விற்பதும், பில் தராமல் விற்பதும் அதே பட்டியலில் வருகின்றன.

ஆனால் உற்பத்திக் குறை என்றால் நடைமுறையில் கம்பெனி இன்ஜினியர் பார்த்துத்தான் முடிவு சொல்வார். கடைக்காரர் செய்ய வேண்டியது கிளெய்மைப் பதிந்து அவரை வரவழைப்பது. வாகன உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜே.சி. ரோடானாலும் உங்கள் தெருமுனைக் கடையானாலும் கவுண்டரில் கோபப்படாமல் ஒரே ஒரு வாக்கியம் கேளுங்கள்: "கிளெய்ம் நம்பர் பரெது கொடி." நம்பர் எழுதிக் கொடுங்கள் என்று கன்னடத்தில் கேட்பது, வாய்ச் சண்டையை விட அதிகம் வேலை செய்யும். நம்பர் இல்லாத கிளெய்ம் என்பது பதியப்படாத கிளெய்ம்.

டயரைக் கடையில் விட்டுவிட்டு வந்தால் ரசீது வேண்டும்: வரிசை எண், தயாரிப்பு வாரம், மீதமுள்ள பட்டன் ஆழம், விட்ட தேதி. இன்ஜினியர் வரும் நாளைக் கேட்டு நீங்களும் கூட இருங்கள். அதற்கு முன் வேறு கடையில் பஞ்சர் ஒட்டவோ சீலண்ட் திரவம் ஊற்றவோ கூடாது. அதைக் காரணம் காட்டியே நிராகரித்துவிடுவார்கள். காற்றில்லாமல் கொஞ்ச தூரம் ஓட்டியிருந்தாலும் உள்ளே வட்டமாக உரசிய தடமும் ரப்பர்த் தூளும் இருக்கும், அதுவும் இன்ஜினியர் கண்ணில் முதலில் படும்.

கிளெய்ம் ஏற்றுக்கொண்டார்கள். ஆனாலும் பணம் கேட்கிறார்களே?

தேய்ந்த அளவுக்கு நீங்கள் கட்ட வேண்டும் என்பது பல வாரண்டிகளின் விதி. கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். புதிதில் பட்டன் ஆழம் 8 மில்லிமீட்டர் என்று வைப்போம். தேய்மானக் குறி 1.6 மில்லிமீட்டரில் இருக்கிறது. ஆக, பயன்படக்கூடியது 6.4. இப்போது 6.4 மில்லிமீட்டர் மீதி இருந்தால் தேய்ந்தது 1.6, அதாவது கால்பங்கு. 6,400 ரூபாய் டயருக்கு நீங்கள் கட்ட வேண்டியது 1,600. இதற்கு மேல் மாட்டும் கூலி, பேலன்சிங், வால்வு.

இரண்டு இடத்தில் ஏமாற வாய்ப்புண்டு. ஆழத்தை மிகத் தேய்ந்த இடத்தில் மட்டும் அளப்பது ஒன்று. எந்த விலையின் மேல் சதவீதம் போடுகிறார்கள் என்பது இன்னொன்று: நீங்கள் கொடுத்த பில் விலையா, இன்றைய பட்டியல் விலையா? வாரண்டி கார்டில் எழுதியிருப்பதைக் காட்டச் சொல்லுங்கள். ஆழம் அளக்கும் கேஜ் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும், உங்களுடையதைக் கொண்டு போய் மூன்று நான்கு இடத்தில் அளங்கள். கடையில் டயர் மாட்டியதில் நேர்ந்த சேதத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

மாற்றிய டயர் வந்ததும் அதன் தேதியையும் பாருங்கள். ஒரே அச்சில் இருக்கும் இரண்டு டயருக்கும் ஆழத்தில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம் என்றால் மழையில் பிடிப்பு ஒரே மாதிரி இருக்காது. புதிதைப் பின் அச்சில், ஆழம் நெருங்கிய டயரோடு ஜோடி சேர்ப்பது நல்லது. சக்கர நட்டை டார்க் ரென்ச்சால், அதாவது முறுக்கும் விசையை அளந்து முறுக்கும் ஸ்பேனரால், முறுக்கச் சொல்லுங்கள், 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி சரிபார்க்க வேண்டும்.

புதுக் காரோடு வந்த டயர் என்றால்?

கார் வாரண்டியில் டயர் பொதுவாக வராது, டயர் கம்பெனி தனியாகப் பொறுப்பு. கார் ஷோரூமிலோ அந்த பிராண்டின் டயர் கடையிலோ கார் பில்லைக் காட்டிப் பதியலாம்.

ஆன்லைனில் வாங்கி, அவர்கள் சொன்ன கடையில் மாட்டினேன்.

மாட்டிய கடையும் விற்ற தளமும் ஒருவரையொருவர் கைகாட்டுவார்கள். இருவருக்கும் ஒரே மின்னஞ்சலில் எழுதுங்கள். 2020-ன் மின்வணிக விதிகளின்படி தளத்தின் குறைதீர்ப்பு அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பெட்டி வந்ததும் தேதியைப் படித்துவிட்டு, பிறகு மாட்டக் கொடுங்கள்.

எதுவும் நடக்கவில்லை. அடுத்து எங்கே போவது?

முதலில் 1915. தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள். பெரிய டயர் கம்பெனிகளின் தலைமை அலுவலகம் வரை இந்தப் புகார் போவதால், கடையில் மாதக்கணக்கில் நகராதது இங்கே நகர்ந்துவிடுவதுண்டு.

அதற்கும் அசையாவிட்டால் கடைக்கும் கம்பெனிக்கும் ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ். ஒரு பக்கம் போதும்: வாங்கிய தேதி, பில் எண், டயரின் வரிசை எண், குறை என்ன, எந்தத் தேதியில் யாரிடம் சொன்னீர்கள், என்ன பதில், உங்களுக்கு வேண்டியது என்ன, 15 நாள் கெடு. வக்கீல் தேவையில்லை. பெங்களூரில் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ எழுதுவதே பயன்.

பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 50 லட்சம் வரை இருந்தால் மாவட்ட ஆணையமே போதும், 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. நீங்கள் வசிக்கும் ஊரிலேயே தாக்கல் செய்யலாம் என்பதால், ஓசூரில் வாங்கிய டயருக்கும் பெங்களூரு ஆணையத்துக்கே போகலாம். இணையத்திலும் தாக்கல் உண்டு, இப்போது அதற்கு இ-ஜாக்ருதி தளம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும்.

குறை இருப்பதைப் பரிசோதனைக்கூடத்தில் சோதிக்கக் கேட்கலாம், ஆணையமே டயரை அனுப்பும். அதனால் அந்த டயரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், பழைய டயர்க்காரரிடமும் கொடுத்துவிடாதீர்கள். நிராகரித்த டயரைக் கம்பெனி திருப்பித் தந்ததும், நிராகரிப்புக் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கி, வெயில் படாத இடத்தில் நிறுத்தி வையுங்கள்.

டாக்சி ஓட்டுகிறேன். நானும் நுகர்வோர்தானா?

வியாபாரத்துக்கு வாங்கிய பொருளுக்கு நுகர்வோர் ஆணையம் இல்லை என்று எதிர்த் தரப்பு வாதிடும். ஆனால் சொந்தமாக ஓட்டிப் பிழைப்பு நடத்துபவருக்குச் சட்டம் விலக்கு தருகிறது. ஒரே வண்டி, அதை ஓட்டுவது நீங்கள், குடும்பம் அதில்தான் நடக்கிறது என்பதைப் புகாரின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள். பேட்ஜ், பெர்மிட் நகலையும் இணைத்துவிடுங்கள்.